கலயத்தில் சுண்ணாம்பு

பாம்பன் பாலத்தை நேரில் பார்க்காத தமிழர் பலர் இருக்கலாம். அதன் படத்தையாவது பார்க்காதவர் இருக்க மாட்டார். 1914-ஆம் வருஷம் பிப்ரவரி 24-ந் தேதி திறக்கப்பட்ட பழைய ரயில் பாலம் நூறாண்டுக்கு மேல் உப்புக் காற்றில் நின்று உழைத்து ஓய்ந்துவிட்டது. அதன் பக்கத்தில் 2025 ஏப்ரல் 6-ந் தேதி புதிய பாலம் திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி நேராக மேலே எழும்பி வழி விடுகிறது. ராமேசுவர யாத்திரை போகிறவர்கள் ரயில் ஜன்னலில் முகத்தைப் பதித்துக்கொண்டு இரு பக்கத்துக் கடலையும் பார்த்து அதிசயிக்கிறார்கள். பாலம் தாண்டியதும், இனிப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று ஜன்னலை விட்டு நகர்ந்து விடுகிறார்கள். அப்போது அவர்கள் பார்க்காமல் விடுவது பனைமரத்தை.

ராமநாதபுரம் சீமைக்குப் பனை ஒரு கற்பக விருட்சம். பனையேறும் தொழிலாளி பாளையைச் சீவி, அதிலே மண் கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குகிறார். இரவெல்லாம் சொட்டுச் சொட்டாகச் சாறு வடிகிறது. கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் காலையில் கிடைப்பது பதநீர். குழந்தைகளும் குடிக்கலாம், காய்ச்சினால் கருப்பட்டி ஆகும். சுண்ணாம்பு தடவாவிட்டால், அதே மரத்தின் அதே சாறு, காலையில் கள்ளாகப் பொங்கி நிற்கும். தமிழ்நாட்டில் 1987-ஆம் ஆண்டு முதல் கள் இறக்குவதற்குத் தடை இருக்கிறது. பதநீர் இறக்குவது மரியாதையான தொழில். இரண்டுக்கும் இடையிலே உள்ள வித்தியாசம் ஒரு கைப்பிடிச் சுண்ணாம்புதான்.

இதிலே கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. சுண்ணாம்பைச் சாறு வடிவதற்கு முன்னாலேயே தடவிவிட வேண்டும். புளித்து நுரைத்த பிறகு ஒரு படி சுண்ணாம்பைக் கொட்டினாலும் கள் திரும்பவும் பதநீர் ஆகாது.

மாணவர்களின் குடிப்பழக்கத்தைப் பற்றி நம் நாட்டில் பேச்சுக்குக் குறைவில்லை. பள்ளிச் சீருடையோடு கையில் பாட்டில் பிடித்து நிற்கும் பையனின் படம் கைத்தொலைபேசிகளில் பரவுகிறது. ஒரு வாரம் எல்லோரும் தலையில் அடித்துக்கொள்கிறோம். மறு வாரம் மறந்து விடுகிறோம். அகப்பட்ட பையனைக் கூப்பிட்டு வைத்து உபதேசம் செய்கிறோம், அல்லது டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். புளித்த பிறகு சுண்ணாம்பைத் தேடும் வேலை இது. முதல் மிடறுக்கு முன்னால் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. அதைச் செய்ய வேண்டியவர்கள் பெற்றோர்கள். அதையும் அவர்கள் ஊராகச் சேர்ந்து செய்ய வேண்டும். இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

முதல் மிடறு எங்கிருந்து வருகிறது?

பாம்பன் கடலை நம்பி வாழும் ஊர். வடக்கே பாக் ஜலசந்தி. தெற்கே மன்னார் வளைகுடா. இரவெல்லாம் அலையோடு போராடிக் கரை சேர்ந்த பிறகு மீனை விற்றுப் பங்கு பிரிக்கிறார்கள். அப்போது கையில் ரொக்கம் இருக்கிறது. உடம்பில் அசதியும் இருக்கிறது. “கடல் குளிருக்கு ஒரு வாய் குடித்தால் நல்லது” என்ற சமாதானமும் தயாராக இருக்கிறது. இந்தச் சமாதானம் உண்மையல்ல. மது உள்ளே போனால் தோலின் அடியிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன; அதனால் வெதுவெதுப்பாக இருப்பது போலத் தோன்றுகிறது. உள்ளபடி அந்த விரிந்த குழாய்களின் வழியாகவே உடம்பின் சூடு வெளியேறிப் போகிறது. குளிருக்காகக் குடிப்பவன் சீக்கிரத்தில் குளிர்ந்து போகிறான்.

கடற்கரை ஊர்ப் பையனுக்கு இந்தப் பாடத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. அவனுக்குக் கிடைக்கும் முதல் பாடம் வேறு. “டேய் தம்பி, கடை வரைக்கும் ஒரு நடை போய்விட்டு வா” என்று பெரியவர் ஒருவர் பணத்தை நீட்டுகிறார். மிச்சச் சில்லறை பையனுக்கு. இரண்டாவது பாடம் கலியாண வீட்டில், பந்தலுக்குப் பின்னாலே நடக்கிறது. மூன்றாவது பாடத்தை நண்பனின் பிறந்த நாளிலோ, பந்தாட்டப் போட்டியில் ஜயித்த மாலையிலோ தோழர்களே நடத்தி விடுகிறார்கள். ராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ படிக்கப் போய் விடுதியில் தங்கும்போது மிச்சப் பாடங்களும் பூர்த்தியாகின்றன. கணக்குப் பார்த்தால், பையன் தானாகத் தேடிப் போனது மிகக் கொஞ்சம். பெரியவர்கள் அவன் கையில் கொடுத்ததே அதிகம்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. கீழ்க் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்கள் இனம் பெருகுவதற்காக, 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. பள்ளிக்கூடங்களின் கோடை விடுமுறையும் பெரும்பாலும் அந்தக் காலத்திலேயே வருகிறது. விசைப்படகில் தொழில் செய்யும் தகப்பனாருக்கும் வேலையில்லை, மகனுக்கும் வேலையில்லை. வருஷத்தில் அதிக ஜாக்கிரதை வேண்டிய காலம் இதுவே.

இருந்தாலும் மனம் சோர்ந்து போக வேண்டியதில்லை. டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் மத்திய சர்க்காருக்காக நடத்தி, 2019-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இந்தியாவில் 10 வயது முதல் 75 வயது வரை உள்ளவர்களில் 100-க்கு 14.6 பேர், அதாவது சுமார் 16 கோடிப் பேர், மது அருந்துகிறார்கள் என்று அது கணக்கிட்டது. ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 100-க்கு 27 பேருக்கு மேல். ஆனால் 10 வயது முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளில் 100-க்கு 1.3 தான். இதன் பொருள் என்ன? பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறும்போது நம் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் இன்னும் தொடங்கவில்லை. கலயம் காலியாகத்தான் இருக்கிறது. சுண்ணாம்பு தடவ நேரம் இருக்கிறது.

ஒரு குவார்ட்டரின் கணக்கு

பிள்ளைகளிடம் மதுவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பாவ புண்ணியத்தைப் பற்றியே பேசுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் கணக்கும் ரசாயனமும் படிக்கிற பிள்ளையிடம் கணக்காகவே பேசிப் பார்க்கலாம். கடையில் விற்கும் குவார்ட்டர் பாட்டிலில் 180 மில்லி லிட்டர் திரவம் இருக்கிறது. பிராந்தி, விஸ்கி முதலியவற்றில் 100-க்கு 42.8 பங்கு சாராயச் சத்து. ஆகவே ஒரு குவார்ட்டரில் சுமார் 60 கிராம் சாராயச் சத்து உள்ளே போகிறது. மனிதனுடைய கல்லீரல் சராசரியாக ஒரு மணி நேரத்தில் ஏழெட்டு கிராம் அளவே அதை எரிக்கிறது. இரவு 12 மணிக்குக் காலி செய்த பாட்டில் காலை 8 மணிக்கும் முழுவதும் வெளியேறியிருக்காது. பையன் எட்டரை மணிக்குப் பரீட்சை எழுதப் போனால், பரீட்சை எழுதுவது பையனும் பாட்டிலும் சேர்ந்துதான். மோரோ, எலுமிச்சம் பழமோ, காப்பியோ கல்லீரலின் வேகத்தைக் கூட்டுவதில்லை.

இது ஒரு நாள் கணக்கு. ஆயுள் கணக்கு இன்னும் பெரிது. மனித மூளை இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் முழு வளர்ச்சி அடைகிறது. அதிலும், ‘வேண்டாம், பொறு’ என்று நம்மைத் தடுக்கும் முன் மூளைப் பகுதி கடைசியாகவே முதிர்கிறது. ஞாபக சக்திக்கு ஆதாரமான பகுதியோ மதுவினால் எளிதில் பாதிக்கப்படுவது. கடிவாளம் இன்னும் தைத்து முடியாத குதிரையின் மேல் சவுக்கைச் சொடுக்கினால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் பல்லாயிரம் பேரை விசாரித்து 1997-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்கள் மதுவுக்கு அடிமையாவது, 21 வயதில் தொடங்கியவர்களைப் போல நான்கு மடங்கு என்று கண்டது. சீக்கிரம் தொடங்கும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வேறு கஷ்டங்களும் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் தள்ளிப் போடுகிற ஒவ்வொரு வருஷமும் லாபம் என்பதை வைத்தியர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். மது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1988-லேயே தீர்மானித்துவிட்டது. கேடில்லாத அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023 ஜனவரியில் அறிவித்தது.

சேலம் முதல் டாஸ்மாக் வரை

“இதெல்லாம் சர்க்கார் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் அல்லவா?” என்று வாசகர்கள் கேட்கலாம். சர்க்கார் பார்த்துக்கொண்ட சரித்திரத்தையும் சற்றுப் பார்ப்போம்.

1929-இல் திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்திலிருந்து ராஜாஜி ‘விமோசனம்’ என்ற பத்திரிகையை நடத்தினார். மதுவிலக்குப் பிரசாரம் ஒன்றே அதன் வேலை. அதன் துணையாசிரியராக உழைத்தவர் பின்னாளில் புகழ் பெற்ற கல்கி. அதே ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானதும், 1937 அக்டோபர் 1-ந் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். மது வருமானம் போன குறையை ஈடு செய்ய 1939-இல் விற்பனை வரியை விதித்தார். யுத்த காலத்தில் தடைப்பட்ட காரியம், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதன் மந்திரியாக இருந்தபோது, 1948-ஆம் வருஷம் காந்தி ஜயந்தியன்று மாகாணம் முழுமைக்கும் பரவியது. ராமநாதபுரமும் பாம்பனும் இருபது வருஷத்துக்கு மேல் மதுவிலக்கின் கீழ் இருந்தன.

1971-இல் மதுவிலக்கு தளர்ந்தது. 1974-இல் திரும்ப வந்தது. 1981-இல் மறுபடியும் தளர்ந்தது. 1983-இல் டாஸ்மாக் என்ற சர்க்கார் நிறுவனம் பிறந்தது. 2003-இல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன. 2023-24-ஆம் வருஷத்தில் மட்டும் மதுவினால் மாநில சர்க்காருக்குக் கிடைத்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். விற்பனை வரியைப் புதிதாக விதித்தாவது மது வருமானத்தை விட்டொழிக்க வேண்டும் என்று நினைத்த காலம் ஒன்று. விற்பனை வரியும் மது வருமானமும் சேர்ந்து வருகிற காலம் இது.

பூரண மதுவிலக்கு வேண்டும் என்பவர்களும், வந்தால் கள்ளச் சாராயம் பெருகும் என்பவர்களும் வாதம் செய்துகொண்டே இருக்கிறார்கள். மதுவிலக்கு நாளிலும் கள்ளச் சாராயம் காய்ச்சினார்கள் என்பது உண்மை. கடைகள் திறந்திருக்கும் நாளிலும் 2023 மே மாதத்தில் மரக்காணத்துக்கு அருகே எக்கியார்குப்பம் என்ற மீனவர் ஊரிலும், 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியிலும் விஷச் சாராயம் குடித்துப் பலர் மாண்டார்கள் என்பதும் உண்மை. கள்ளக்குறிச்சியில் மட்டும் மாண்டவர் 60-க்கு மேல். இந்த வாதம் முடிகிற வரையில் நம் பிள்ளைகள் வளராமல் காத்திருப்பார்களா?

சட்டத்தில் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. கிராமப் பகுதிகளில் பள்ளிக்கூடத்திலிருந்தும் கோயிலிலிருந்தும் 100 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது. நூறு மீட்டர் என்பது நல்ல ஓட்டக்காரப் பையனுக்குப் பதினைந்து விநாடி! கடைக்காரர் பையனுக்கு விற்காவிட்டாலும், கடை வாசலில் நிற்கும் ‘அண்ணன்’ ஒருவர் வாங்கித் தந்து விடுகிறார். அந்த அண்ணனை எந்த அதிகாரியும் அறிய மாட்டார். ஊர் நன்றாக அறியும். ஆகவே ஊர்தான் அங்கே காவல் நிற்க வேண்டும்.

ஒரே வாரத்தில் இரண்டு மரணங்கள்

2015 ஜூலை 27-ந் தேதி ஷில்லாங் நகரில் மாணவர்களுக்கு முன்னால் பேசிக்கொண்டிருந்த அப்துல் கலாம் கீழே சாய்ந்து உயிர் நீத்தார். 30-ந் தேதி, பாம்பனுக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே உள்ள பேய்க்கரும்பில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. நாடெங்கிலுமிருந்து வந்த ஜனங்கள் பாம்பன் பாலத்தைத் தாண்டித்தான் போனார்கள். மறு நாள், ஜூலை 31-ந் தேதி, கன்னியாகுமரி மாவட்டத்தில் உண்ணாமலைக்கடை என்னும் ஊரில், மதுக்கடை ஒன்றை அகற்றக் கோரிக் கைத்தொலைபேசிக் கோபுரத்தின் மேல் ஏறிப் போராடிய சேலத்துக் காந்தியவாதி சசி பெருமாள் இறந்து போனார். அடுத்த சில நாட்களில் சென்னைப் பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள் மதுக்கடையை எதிர்த்து வீதியில் இறங்கினார்கள். கடையை உடைப்பதை யாரும் ஆதரிக்க முடியாது. ஆனால் மது வேண்டாம் என்று மாணவர்களே சொன்னதை மறக்கவும் முடியாது.

இந்த இரண்டு மரணங்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. கலாம் இளைஞர்களுக்குச் செய்து வைத்த பத்து அம்சப் பிரதிக்ஞையில், குடி, சூதாட்டம் முதலிய பழக்கங்களில் சிக்கிய ஐந்து பேரையாவது மீட்பேன் என்பதும் ஒன்று. அந்தப் பிரதிக்ஞையைச் செய்து வைத்தவர் எப்படி வளர்ந்தார் என்று கவனியுங்கள். தகப்பனார் ஜைனுலாப்தீன் படகு வைத்திருந்தவர். மைத்துனர் ஜலாலுதீன் மாலை நேரங்களில் அவரோடு நடந்து, உலக விஷயங்களைப் பேசினார். ஆரம்பப் பள்ளி உபாத்தியாயர் சிவசுப்பிரமணிய ஐயர் அந்த முஸ்லிம் சிறுவனைத் தம் வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சாப்பாடு போட்டார். ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் ஐயாத்துரை சாலமோன் அவருக்குத் தன்னம்பிக்கை ஊட்டினார். யுத்த காலத்தில் ரயிலிலிருந்து எறியப்பட்ட பத்திரிகைக் கட்டுகளைச் சேகரிக்கும் வேலையும் அவருக்கு இருந்தது. ஒரு சிறுவனின் மாலை நேரத்தை எத்தனை பெரியவர்கள், எத்தனை மதத்தவர்கள், பங்கு போட்டுக்கொண்டார்கள் பாருங்கள்! கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது என்றால் இதுதான்.

மீன் பிடிக்கும் இன்னொரு தீவு

“அது ஒரு கலாம், எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி நடக்குமா?” என்றால், நடந்திருக்கிறது. வட துருவ வட்டத்துக்கு அருகே ஐஸ்லாந்து என்று ஒரு தீவு. ஜனத்தொகை ஏறக்குறைய நான்கு லட்சம்; நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நெடுங்காலமாக மீன் பிடித்தலே அங்கே முக்கியமான ஜீவனம். 1998-இல் அந்த நாட்டில் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 100-க்கு 42 பேர், முந்திய ஒரு மாதத்துக்குள் குடித்து வெறித்ததாக ஒப்புக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை இரவுகளில் தலைநகரின் வீதிகளில் நடப்பதற்கே பெரியவர்கள் அஞ்சினார்கள். 2016-இல் அந்த 42, 5 ஆகக் குறைந்துவிட்டது.

அவர்கள் என்ன மந்திரம் போட்டார்கள்? மது வாங்கும் வயது அங்கே 20. அத்துடன், 13 முதல் 16 வயது வரை உள்ள பிள்ளைகள் குளிர் காலத்தில் இரவு பத்து மணிக்கு மேல் தனியாக வெளியே திரியக் கூடாது என்று விதித்தார்கள். ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் பெற்றோர் சங்கம் அமைத்தார்கள். ‘பெரியவர் இல்லாத விருந்துக்குப் பிள்ளையை அனுப்ப மாட்டேன், வயது வராத பிள்ளைக்கு மது வாங்கித் தரமாட்டேன், அடுத்த வீட்டுப் பிள்ளையையும் என் பிள்ளை போல் கவனிப்பேன்’ என்று பெற்றோர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். விளையாட்டு, சங்கீதம் முதலியவற்றில் பிள்ளைகள் சேர நகரசபை பணம் கொடுத்தது. ஆண்டுதோறும் மாணவர்களிடமே பெயரில்லாமல் விசாரித்துக் கணக்கு எடுத்து, அந்தந்தப் பள்ளிக்கும் ஊருக்கும் உடனே தெரிவித்தார்கள்.

இதிலே மேடைப் பிரசங்கம் எங்கேயாவது வருகிறதா? மதுவின் தீமையைப் பற்றிய உபதேசங்கள் முன்பே நடந்து, பலனில்லை என்று கண்ட பிறகுதான் அவர்கள் இந்த வழிக்கு வந்தார்கள். வார நாட்களில் பெற்றோருடன் அடிக்கடி பொழுது போக்குகிறோம் என்று சொன்ன பிள்ளைகள் 1997-இல் 100-க்கு 23 பேர். 2012-இல் 46 பேர். பிள்ளையின் பொழுதைப் பெற்றோர் மீட்டுக்கொண்டார்கள். பாட்டிலுக்குப் பொழுது கிடைக்கவில்லை. ஐஸ்லாந்து பணக்கார நாடு என்பது வாஸ்தவம். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கும், மகனுடன் உட்கார்ந்து சாப்பிடுவதற்கும் பணம் வேண்டியதில்லை.

பெண்கள் எழுந்தால்

நம் தேசத்திலும் ஊர் சேர்ந்து சாதித்த கதைகள் உண்டு. ஒரு காலத்தில் நம்மோடு சென்னை மாகாணத்தில் சேர்ந்திருந்த நெல்லூர் ஜில்லாவில் துபகுண்டா என்று ஒரு கிராமம். 1992-இல் அங்கே முதியோர் எழுத்தறிவு வகுப்பில் படித்த பெண்கள், பாடப் புத்தகத்தில் குடியால் சீரழிந்த குடும்பத்தின் கதையைப் படித்தார்கள். படித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ரோசம்மா என்ற பெண்மணியின் தலைமையில் திரண்டு போய் ஊர்ச் சாராயக் கடையை மூட வைத்தார்கள். அந்தத் தீ ஆந்திரம் முழுவதும் பரவியது. 1993-இல் அங்கே சாராயம் தடை செய்யப்பட்டது. 1995-இல் பூரண மதுவிலக்கே வந்தது. பூரண மதுவிலக்கு 1997-இல் தளர்ந்து போயிற்று. ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்துகொண்ட பெண்களுக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதை நாடு பார்த்துவிட்டது.

பாம்பனுக்கு அவ்வளவு தூரம் போய்ப் படிக்க வேண்டிய அவசியமில்லை. பாம்பனைச் சேர்ந்த சின்னப்பாலத்துப் பெண்கள் கடலில் மூழ்கிக் கடற்பாசி எடுத்து ஜீவிக்கிறவர்கள். பாசி அழிந்து போகாமல் இருப்பதற்காக, மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது என்று தமக்குத் தாமே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். கரண்டி முதலிய உலோகக் கருவிகளையும் கைவிட்டார்கள். கடலுக்குள் முளைக்கும் பாசியின் குஞ்சுகளைக் காப்பாற்ற ஊர்க் கட்டுப்பாடு செய்யத் தெரிந்த பெண்களுக்கு, கரையில் வளரும் தங்கள் குஞ்சுகளைக் காப்பாற்றத் தெரியாதா?

வீடுகளுக்கு ஓர் ஒப்பந்தம்

பாம்பனில் மட்டுமின்றி, இதைப் படிக்கும் எந்த ஊர்க் குடும்பங்களும் செய்துகொள்ளக் கூடிய ஒப்பந்தம் ஒன்றை இங்கே குறிப்பிடுகிறோம்.

முதலாவது: எந்தப் பிள்ளையையும் மது வாங்கி வர அனுப்புவதில்லை. இது நல்லெண்ணம் மாத்திரமல்ல, சட்டமும்கூட. 18 வயது நிரம்பாதவருக்கு மது கொடுத்தாலும், அவரைக் கொண்டு மதுவை எடுத்து வரச் செய்தாலும், 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 77, 78-ஆவது பிரிவுகளின்படி ஏழு வருஷம் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். சில்லறையாகக் கொடுக்கும் பத்து ரூபாய்க்குப் பின்னால் இவ்வளவு பெரிய தண்டனை நிற்கிறது.

இரண்டாவது: கலியாணம், காதுகுத்து, பிறந்த நாள், திருவிழா எதுவானாலும் பிள்ளைகள் வரும் இடத்தில் மது இராது. ஒரு வீடு மட்டும் இப்படிச் சொன்னால் “கஞ்சன்” என்று பேர் வரும். ஐம்பது வீடுகள் சேர்ந்து சொன்னால் அது ஊர் வழக்கம் ஆகிவிடும்.

மூன்றாவது: மாலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை பிள்ளை எங்கே இருக்கிறான் என்று ஒரு பெரியவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு வாசகசாலை, பந்தாட்டம், நீச்சல், சங்கீதம் ஏதாவது ஒன்று வேண்டும். மீன்பிடித் தடைக் கால 61 நாளில் கரையிலிருக்கும் தகப்பன்மார்களே இதை நடத்தலாம். வலை பின்னவும், காற்றின் திசை பார்க்கவும், நட்சத்திரம் அறியவும் அவர்களைவிட நல்ல உபாத்தியாயர்கள் எங்கே கிடைப்பார்கள்? பாம்பனில் 2016-இல் மீனவர்களுக்காகத் தொடங்கிய ‘கடல் ஓசை’ சமுதாய வானொலியைப் போன்ற சாதனங்கள் பிள்ளைகளின் குரலுக்கும் இடம் தரலாம்.

நான்காவது: விடுமுறையில் படகிலோ மீன் கூடத்திலோ உதவி செய்து பிள்ளை சம்பாதிக்கும் பணம் அவன் பெயரில் தபாலாபீஸ் சேமிப்பில் சேர வேண்டும். பதினாறு வயதில் கையிலே தாராளமாகப் புரளும் ரொக்கம் நல்ல இடத்துக்கு வழி காட்டுவது அபூர்வம்.

ஐந்தாவது: பன்னிரண்டு வயதுக்குள் ஒருமுறை உட்கார வைத்துப் பேச வேண்டும். மிரட்டாமல், மேலே சொன்ன குவார்ட்டர் கணக்கைப் போல, நிதானமாகச் சொல்ல வேண்டும். தோழர்கள் நீட்டும்போது முகத்தை முறிக்காமல் எப்படி மறுப்பது என்பதையும் சொல்லித் தர வேண்டும். “நாளைக்கு ஓட்டப் பந்தயம் இருக்கிறது” என்ற ஒரு வார்த்தை போதும்.

ஆறாவது விஷயமும் ஒன்று உண்டு. ‘நானே குடிக்கிறவன், மகனுக்கு எந்த முகத்தோடு புத்தி சொல்வது?’ என்று மௌனமாயிருக்கும் தகப்பனார்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்த ஒப்பந்தத்தில் இடம் உண்டு. வீட்டில் வைத்துக் குடிப்பதில்லை, பிள்ளை கண்ணில் படக் குடிப்பதில்லை, பிள்ளையைக் கடைக்கு அனுப்புவதில்லை என்ற மூன்றையாவது அவர்கள் கைக்கொள்ளலாம். மகனுக்காகத் தொடங்கிய விரதம் தகப்பனையே மீட்டாலும் மீட்கும்.

தொடங்கிவிட்டவனுக்கு

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் சில பிள்ளைகள் தவறி விடுவார்கள். அவர்களைக் கைவிடலாகாது. குடித்து மயங்கி நிற்பவனிடம் வாதம் செய்து பயனில்லை என்பது திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்திலேயே சொல்லப்பட்ட கருத்து. பேச வேண்டிய நேரம் மறு நாள். அடியும் வசவும் அவனை மறைவிடம் தேட வைக்கும். பள்ளியிலிருந்து நீக்குவது அவனுடைய முழுப் பகலையும் பாட்டில் தோழர்களுக்குத் தானமாகக் கொடுப்பதாகும். பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொண்டே திருத்துவதுதான் உபாத்தியாயரின் பெருமை.

பழக்கம் முற்றிவிட்டால் அது நோய். நோய்க்கு வைத்தியம் உண்டு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-இல் டி. டி. ரங்கநாதன் பெயரால் நிறுவிய சிகிச்சை நிலையம் பல்லாயிரம் குடும்பங்களுக்கு அதை நிரூபித்துக் காட்டியது. போதைப் பழக்கத்திலிருந்து மீள ஆலோசனை கேட்க 14446 என்ற எண்ணையும், மன நல உதவிக்கு 14416 என்ற எண்ணையும், பிள்ளைகளின் பாதுகாப்புக்கு 1098 என்ற எண்ணையும் கட்டணமில்லாமல் கூப்பிடலாம்.

ஓர் அவசர எச்சரிக்கை. அளவுக்கு மிஞ்சிக் குடித்த பையன் தட்டி எழுப்பியும் விழிக்காமல், மூச்சு மெதுவாகி, உடம்பு சில்லிட்டுக் கிடந்தால், “தூங்கினால் தெளியும்” என்று விட்டு விடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வலுவில் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், தனியே விடாதீர்கள், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வீட்டாருக்குத் தெரிந்தால் அடி விழும் என்று தோழர்கள் பயந்து ஒளிக்கிற அரை மணி நேரத்தில்தான் உயிர் போகிறது. ‘உதவி கேட்டு வருகிற பிள்ளையை அன்று யாரும் திட்ட மாட்டோம்’ என்பதையும் நம் ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

1897-ஆம் வருஷம் ஜனவரி 26-ந் தேதி, மேல் நாடுகளில் பாரதத்தின் பெருமையை நிலைநாட்டிவிட்டுத் திரும்பிய சுவாமி விவேகானந்தர் பாம்பன் கரையில்தான் இறங்கினார். ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு வரவேற்றார். அதே ஜனவரி 26 இன்று குடியரசு நாள். கிராம சபை கூடும் நாளும்கூட. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. வருகிற கூட்டத்துக்குப் போகும்போது, மேலே சொன்ன ஒப்பந்தத்தை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். முதல் கையெழுத்தை நீங்களே போட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் பேனாவை நீட்டுங்கள்.